வழிகாட்டியற்ற உண்ணல்

பசி எடுத்தால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் கை கழுவ வேண்டும். பஞ்சர்க்காரருக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு தலை நரைக்கும் வரை ஒரு வம்புதும்பு இல்லாமல் வந்துவிட்ட மனிதர் அவர். கடைக்கு நேர் எதிரே, தெருமுனையில், தங்கச்சியின் மீன் வறுவல் வண்டி. நடுப்பகல் ஆனதும் கையிலிருக்கும் டயரை அப்படியே சாய்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, தெருவைக் கடந்து போய் நின்று "பாப்பா" என்பார். தட்டு வந்துவிடும். அந்தப் பாப்பா இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். இருந்தால் என்ன? அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

அன்றைக்கும் கை கழுவிவிட்டுத்தான் கிளம்பினார். தெருவின் நடுவே ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சீருடை போட்ட ஒரு காவலாளி நின்றான்.

"டிக்கெட்?"

"என்னத்துக்கு டிக்கெட்?"

"உள்ள போய்ச் சாப்பிட."

"தம்பி, அது என் தங்கச்சி வண்டி. அதோ, கரண்டியோட நிக்கிறா பாரு."

"யாரு வண்டியா இருந்தா என்ன? போர்டைப் படிங்க."

பஞ்சர்க்காரர் படித்தார். 'தெருவுணவு மரபு மேம்பாட்டு ஆணையம். இது பாதுகாக்கப்பட்ட சுவைப் பகுதி. வழிகாட்டியற்ற உண்ணல் தண்டனைக்குரியது.' ஒருமுறை படித்துப் புரியாமல் மறுமுறையும் படித்தார்.

"உண்ணல் புரியுது. முன்னாடி இருக்கிறது என்னப்பா?"

"வழிகாட்டி இல்லாமத் திங்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"எனக்கு என் வாய் எங்க இருக்குன்னு தெரியும்பா."

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றான் காவலாளி அலுப்போடு.

வண்டிக்குப் பின்னாலிருந்து தங்கச்சி குரல் கொடுத்தாள். "அண்ணே, அவன்கிட்ட மல்லுக்கு நிக்காதே! இன்னிக்கு அவங்க இயக்குநரே வர்றாராம். சுற்றுலாக் கூட்டத்தோட வந்து பார்த்துட்டு, வண்டி இந்த முனையில இருக்கலாமா வேண்டாமான்னு சொல்லிடுவாராம்."

"வேண்டாம்னு சொன்னா?"

"உள்ளரங்கத் தெருவுக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க."

உள்ளரங்கத் தெரு என்பது ஆணையத்தின் கட்டடத்துக்குள் இருக்கிற ஒரு கூடம். தெருவில் புழுதியும் வெயிலும் இருப்பதால் தெரு உணவுக்குத் தெரு ஏற்ற இடமல்ல என்று கண்டுபிடித்து, குளிரூட்டிய கூடத்துக்குள் ஒரு தெருவைக் கட்டியிருந்தார்கள். கூரையில் வானம் வரைந்திருந்தது. ஒலிபெருக்கியில் நாய் குரைத்தது. நெருப்புக்கு அனுமதி கிடையாது என்பதால் தின்பண்டங்கள் எல்லாம் மெழுகு. இந்தத் தெருவில் பழச்சாறு விற்றுக்கொண்டிருந்தவரை அங்கேதான் கொண்டுபோனார்கள். பாவம், அந்த மனுஷன் இப்போது ஒரு மெழுகுக் கோப்பையின் பக்கத்தில் 'மரபு வியாபாரி' என்ற அட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். போன வாரம் இந்தப் பக்கம் வந்தார். தாகமாக இருக்கிறது, யாராவது பழச்சாறு விற்கிறார்களா என்று கேட்டார்.

தங்கச்சிக்கு அந்த முனைதான் எல்லாம். புருஷன் கண்ணை மூடிய பிறகு அங்கே நின்று வறுத்துத்தான் பெண்களைப் படிக்கவைத்தாள், கரையேற்றினாள். முனையை விட்டுவிட்டு மெழுகு மீனுக்குக் காவல் நின்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, அவள் மனசு விட்டுப்போகும்.

"நீ தனியா நிக்க வேண்டாம். நானும் வர்றேன்" என்றார் அண்ணன். காவலாளியிடம் திரும்பினார். "எங்கப்பா குடுக்கிறாங்க உங்க டிக்கெட்?"

"தலைமையகத்துல. பஸ் அங்கிருந்துதான் கிளம்பும்."

"அது ஊருக்கு அந்தக் கோடியில இல்ல இருக்கு! வண்டி இதோ, கை நீட்டினா எட்டுது."

"சுற்றுலான்னா சுத்தித்தான் வரணும்" என்றான் காவலாளி. அவன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தலைமையகத்தில் டிக்கெட் விலையைக் கேட்டதும் பஞ்சர்க்காரருக்குப் பாதிப் பசி பறந்துவிட்டது. மீதிப் பசியோடு பஸ்ஸில் ஏறினார். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். காதில் ஒரு கருவியைச் செருகினார்கள். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். குரலைக் கேட்டாலே நாலு வகுப்பை அடக்கி வைத்திருப்பவர் என்று தெரியும்.

"வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு வந்திருக்கேன். காலையில இருந்து பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் தொடலை" என்றார் அவர் ஆசையோடு.

"எங்கேயாவது குடுப்பாங்கம்மா" என்றார் பஞ்சர்க்காரர். அப்போது அவர் அதை நம்பினார்.

பஸ் கிளம்பியதும் பாதுகாப்பு அலுவலர் எழுந்தார். வெள்ளைக் கையுறை போட்ட ஒல்லி மனிதர். அறிவிப்பைப் பாராமல் ஒப்பித்தார். "உணவு எதிர்ப்பட்டால் பதற வேண்டாம். வாயை மெதுவாகத் திறக்கவும். காரம் ஏறினால் முதலில் உங்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருப்பவருக்குத் துடைக்கவும். வெளியேறும் வழி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று."

அவர் உட்கார்ந்ததும் வழிகாட்டி எழுந்தாள். கையில் சின்னக் கொடி வைத்திருந்த இளம்பெண். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அவளை முழுசாகப் பேசவிடாமல் முன்னிருக்கையிலிருந்து இயக்குநர் ஆரம்பித்துவிட்டார். சட்டைக் காலரில் ஒலிவாங்கி குத்தியிருந்தது. அவர் சொல்வதில் ஒரு சொல்லும் வீணாகக் கூடாதென்று அதற்கு நிறுத்தும் பொத்தானே வைக்கவில்லை. பேச்சு எல்லார் காதுக்கும் நேராகப் போனது.

"நண்பர்களே, நான் என் வாழ்க்கையில ஒரு தடவைகூடத் தெருவுல நின்னு சாப்பிட்டதில்லை. அதனாலதான் இந்தப் பொறுப்பு என்னைத் தேடி வந்தது. சாப்பிட்டவனுக்கு ஒரு சார்பு வந்துடும். எனக்கு அந்தக் குறை கிடையாது." கொஞ்சம் நிறுத்தினார். கைதட்டலுக்காக இருக்கும். "தெரு உணவுக்குப் பரம எதிரி யாருன்னு நினைக்கிறீங்க? சாப்பிடறவன்! யோசிச்சுப் பாருங்க. சாப்பிடச் சாப்பிட உணவு அழியுது. போன வருஷம் மட்டும் இந்த ஊர்ல எத்தனையோ மரபு உணவு ஜனங்க வயித்துக்குள்ள போய் அழிஞ்சிருக்கு. கேள்வி கேட்க ஆள் இல்லை. அதான் நாங்க வந்தோம்."

டீச்சரம்மா பஞ்சர்க்காரரைப் பார்த்தார். பஞ்சர்க்காரர் டீச்சரம்மாவைப் பார்த்தார். இருவர் வயிறும் ஏதோ பேசின.

பஸ் ஊரையே ஒரு வலம் வந்து, கடைசியில் பஞ்சர்க்காரரின் தெருவுக்குள்ளேயே நுழைந்தது. வழிகாட்டி கொடியை நீட்டினாள். "இடது பக்கம் நாம பார்க்கிறது, மரபான ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் இல்லை. இந்தத் தொழில் செய்யறவங்க நடுப்பகல்ல தூங்கப் போயிடறது வழக்கம்."

"யாரும்மா தூங்கறது?" என்று பஞ்சர்க்காரர் எழுந்துவிட்டார். "நான் இங்கதானே இருக்கேன்!"

"பயணிகள் காட்சிப்பொருளைப் பத்திக் கருத்துச் சொல்லக் கூடாது" என்றது காதுக்குள் இயக்குநரின் குரல்.

"அந்தக் காட்சிப்பொருளே நான்தான் சார்!"

"அப்படின்னா நீங்க பஸ்ஸுக்குள்ள இருக்கக் கூடாது. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே தன் கடையைப் பார்த்தார். ஆளில்லாத கடை, பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. இரண்டு வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுத்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் சூப்புக்காரர். அண்டாவில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு வாசனை தெருவைத் தூக்கியது. டீச்சரம்மா கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். வழிகாட்டி மெல்லத் தடுத்தாள். "இது வாசனை நிலை அம்மா. மூச்சை இழுங்க. இப்ப விடுங்க. நன்றி, அடுத்த இடத்துக்குப் போகலாம்." விட்ட மூச்சோடு டீச்சரம்மாவின் உயிரும் கொஞ்சம் போனது. சூப்புக்காரர் அகப்பையைப் பிடித்தபடி, பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது சோளக்கதிர் சுடுகிற அக்கா. அது பார்வை நிலை. பாதுகாப்பு அலுவலர் கதிருக்குள் ஒரு கம்பியைச் செருகிச் சூடு பார்த்தார். "அதிகம்" என்றார். ஆறவிட்டு மறுபடி பார்த்தார். "குறைவு" என்றார். சரியான சூட்டில் ஒரு கதிர் சிக்கியபோது, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரிசையாகக் காட்டிவிட்டு, பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறாங்க?" என்றார் டீச்சரம்மா. அழாத குறை.

"மேல்மட்டத்துக்கு" என்றாள் வழிகாட்டி. அவளும் அந்தப் பெட்டி போன திசையையே பார்த்தாள்.

மூன்றாவதாகத்தான் தெருமுனை. கயிறு கட்டிய வளைவுக்குள் கூட்டத்தை விட்டார்கள். கயிற்றுக்கு வெளியே வழக்கமான ஆட்கள் நின்றிருந்தார்கள்: சுமை தூக்குகிறவர்கள், தையல் கடைப் பெண்கள், லாரி டிரைவர்கள். அவர்கள் சாப்பிடும் நேரம் கடந்து போய்க்கொண்டிருந்தது. தங்கச்சி அண்ணனைக் கூட்டத்தில் பார்த்தாள். கழுத்து அட்டையையும் காதுக் கருவியையும் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பயம் அதை அடக்கிவிட்டது.

அவள் வறுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு வறுத்த மாதிரி அவள் என்றைக்குமே வறுத்ததில்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தட்டுத் தட்டாக எடுத்து எல்லார் கையிலும் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் "முள்ளு பார்த்து" என்றாள். பிறகு கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர்கள் வாயையே பார்த்தபடி நின்றாள்.

அது அவள் பழக்கம். முதல் வாய் பத்திரமாகத் தொண்டைக்குள் இறங்கும் வரை பார்ப்பாள். இறங்கிய பிறகுதான் அடுத்த மீனை எண்ணெயில் போடுவாள். எப்போதோ ஒரு பஸ் டிரைவருக்கு இதே வண்டியருகில் தொண்டையில் முள் சிக்கி, கண் செருகி, அவள் முதுகில் அறைந்து அறைந்துதான் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

பயணிகள் தட்டை வாயருகே கொண்டுபோனார்கள்.

"நிறுத்துங்க!" என்றார் இயக்குநர். "உரை முடியட்டும்."

உரை ஆரம்பித்தது. மீன் என்பது நீரில் வாழ்வது என்பதிலிருந்து ஆரம்பித்தது. தங்கச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவரும் வாயில் வைக்காததால் அவளால் அடுத்ததைப் போட முடியவில்லை. சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"ஐயா, ஆறுது. சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

இயக்குநர் பூரித்துப்போனார். "பார்த்தீங்களா, நண்பர்களே? இந்தப் பார்வை! எங்க ஆய்வாளர்கள் இதை மாசக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. இதுக்குப் பேர் விருந்தோம்பல் விழி. சாப்பிடறவனை ஆசீர்வாதம் பண்ற ஒரு பழங்காலச் சடங்கு."

"சடங்கும் இல்லை, கிடங்கும் இல்லை சார்" என்றார் பஞ்சர்க்காரர். "முள்ளு குத்திடுமோன்னு பார்க்கிறா. ஒரு டிரைவருக்கு இங்க உயிர் போக இருந்தது."

"பயணிகள் விளக்கம் தரக் கூடாது. விளக்கம் எங்ககிட்ட இருக்கு."

"அவ என் தங்கச்சி சார்!"

"உறவினர்கள் சொல்றது எப்பவும் நம்பகமா இருக்காது" என்று முடித்துக்கொண்டு, குரலை உயர்த்தினார். "இப்ப ஒரு நல்ல செய்தி. இந்த வண்டி எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனால இதை இங்கிருந்து எடுத்துடறோம். உள்ளரங்கத் தெருவுல முள்ளில்லாத மெழுகு மீன் வைப்போம். விருந்தோம்பல் விழியை, பயிற்சி பெற்ற ஊழியர்கள் முறையாச் செய்வாங்க. இந்த அம்மாவும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு மட்டும் அவசியம்."

தங்கச்சி வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் தட்டைப் பிடுங்கினாள். ஆறிப்போன மீனையெல்லாம் தெருப் பூனைகள் பக்கம் கொட்டினாள்.

"என் கையால ஆறினதை யாருக்கும் குடுத்ததில்லை. இன்னிக்குக் குடுக்க வெச்சுட்டீங்க" என்றாள். "வண்டி இங்கிருந்து நகராது சார். நானும் நகர மாட்டேன். பார்க்கறதுக்குப் பட்டமா வேணும்? என் கண்ணு என் மூஞ்சியில இருக்கு!"

"தூக்குங்க" என்றார் இயக்குநர்.

தயாராக நின்ற ஆணைய லாரியிலிருந்து சுமைக்காரர்கள் இறங்கினார்கள். இதே தெரு ஆட்கள்தான். அன்றைக்கு ஆணையத்துக்குக் கூலி. தலையைக் குனிந்துகொண்டு வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள்.

அப்போது பாதுகாப்பு அலுவலர் ஓடிவந்து குறுக்கே விழுந்தார். "கை எடுங்க! எரியற அடுப்பை நகர்த்தக் கூடாது. விதி!"

"அப்ப அணைக்கச் சொல்லுய்யா" என்றார் இயக்குநர்.

"அணைக்கவும் கூடாது சார். கேட்டவங்களுக்கெல்லாம் சமைச்சுக் குடுத்து முடிச்ச பிறகுதான் அணைக்கலாம். பாதி வெந்த உணவை விட்டுட்டு அடுப்பை அணைச்சா சுகாதார மீறல்."

"எந்த முட்டாள் எழுதினது இதை?"

பாதுகாப்பு அலுவலர் விறைப்பாக நின்றார். "நீங்கதான் சார்."

பஞ்சர்க்காரருக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். ஆனால் விளங்கிவிட்டால் அப்புறம் விடமாட்டார். கழுத்து அட்டையைக் கழற்றினார். "பாப்பா!" என்று தெருவே திரும்பும்படி கத்தினார். "எனக்கு ஒண்ணு போடு!"

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். மீன் எண்ணெயில் விழுந்தது.

"வழிகாட்டி இல்லாமத் திங்கக் கூடாது!" என்று காவலாளி பாய்ந்தான்.

"ஏன் கத்தறே? கொடி பிடிச்ச பொண்ணு பக்கத்துலதானே நிக்குது?" என்றார் டீச்சரம்மா, வகுப்பறைக் குரலில். "என்னம்மா, வழிகாட்டறியா இல்லையா?"

வழிகாட்டி இயக்குநரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். "எத்தனையோ மாசமா தினமும் இந்த மீனைப் பத்திப் பேசறேன்" என்றாள். "மொறுமொறுப்புன்னு சொல்றேன். பஞ்சு மாதிரின்னு சொல்றேன். ஒரு நாள்கூட வாயில வெச்சதில்லை. எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க?" கொடியைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "கையில எடுங்க. வாயில போடுங்க. வழிகாட்டல் முடிஞ்சுது. அக்கா, எனக்கும் ஒண்ணு."

"எனக்கு ரெண்டு!" என்றார் டீச்சரம்மா.

பஞ்சர்க்காரர் போய்க் கயிற்றை அவிழ்த்தார். பிடித்து நிறுத்த வேண்டிய காவலாளி, "நானும் இன்னும் சாப்பிடலை அண்ணே" என்று காதோரம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். வெளியே நின்ற கூட்டம் மடை திறந்தது போல உள்ளே வந்தது.

உண்ணாவிரதம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தது அதற்கு நேர் எதிர். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கும் வரை அடுப்பு எரியும். அடுப்பு எரியும் வரை வண்டி நகராது. செய்தி காதோடு காதாகத் தெரு முழுவதும் பரவியது. தையல் கடைப் பெண்கள் போய்த் தங்கள் முதலாளியையும் கூட்டி வந்தார்கள். சூப்புக்காரர் வந்தார், சோளக்கதிர் அக்கா வந்தாள். மீன் தீரும் நேரத்தில், கேட்காமலே சந்தையிலிருந்து இன்னொரு கூடை வந்து இறங்கியது.

இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை. சட்டம் பேசினார், மரபு பேசினார், நடவடிக்கை என்றார். பயணிகள் காதுக் கருவியைக் கழற்றாமலே அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். டிரைவர்கள்கூட, என்னதான் சொல்கிறான் என்று ஆளுக்கொரு கருவியை வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார்கள். "ஆமா சார், ஆமா சார்" என்றபடி முள்ளைத் துப்பினார்கள்.

சுமைக்காரர்கள் வண்டியின் மூலைகளை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தங்கச்சி அவர்களுக்கும் தட்டை நீட்டினாள்.

"அக்கா, நாங்க உன் வண்டியைத் தூக்க வந்தவங்க" என்றான் மூத்தவன். தலை நிமிரவில்லை.

"தெரியும்டா. தூக்கறவனுக்குத்தான் பசி அதிகம். முள்ளு பார்த்து."

அவன் சாப்பிட்டான். சாப்பிடும்போது அவன் கண் ஏன் கலங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மிளகாய் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

வெயில் சாய்ந்தது. வயிறு என்பது ஒரு சாண்தானே? பிடிவாதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வயிறு அதற்காகப் பெரிதாவதில்லை. டீச்சரம்மா நடைபாதைக் கட்டையில் சாய்ந்து, "இனி என்னை அடிச்சாலும் முடியாது" என்றார். டிரைவர்கள் இடுப்பு வாரைத் தளர்த்தினார்கள். பஞ்சர்க்காரர் கழுத்து வரை நிரம்பியிருந்தார். இன்னொன்று சாப்பிட்டால் வந்த வழியே எல்லாம் திரும்பிவிடும் என்று அவருக்கே தெரிந்தது.

வரிசை கரைந்துபோனது. சட்டியில் ஒரே ஒரு மீன், பொன்னிறமாகச் சுழன்றுகொண்டிருந்தது. தங்கச்சி அதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அண்ணே?"

"பாப்பா…" என்று வாயைத் திறந்த பஞ்சர்க்காரர், அவசரமாக மூடிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. தங்கச்சிக்காக ஒரு மீன் தின்ன முடியவில்லையே, நானும் ஒரு அண்ணனா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கையை நீட்டினார்.

"வேண்டாம். நீ செத்துகித்து வைக்காதே" என்றாள் அவள்.

பாதுகாப்பு அலுவலர் தன் காலித் தட்டை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சுன்னா, விதிப்படி இப்ப அணைக்கலாம்."

இயக்குநர் தலையை நிமிர்த்தினார். ஜெயித்த முகம். சுமைக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, கருவி மாட்டியிருந்த எல்லார் காதிலும் ஒரு சத்தம் கேட்டது. நீளமான, அடிவயிற்றிலிருந்து எழுந்த, ஒரு பரிதாபமான உறுமல். டிரைவர்கள் திடுக்கிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதிலிருந்து பேசிப் பேசி, இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஒரே ஒரு ஆள் அந்தத் தெருவில் மிச்சமிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"இது… கருவிக் கோளாறு" என்றார் இயக்குநர். அவர் வயிறு மறுபடியும் உறுமியது, முன்னைவிடச் சத்தமாக.

தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து அவர் எதிரே நின்றாள். அவர் பார்வை மீனில் போய் ஒட்டிக்கொண்டது.

"நான் இயக்குநர்ங்கிற முறையில…"

"பேசறதுன்னா அப்புறம் பேசுங்க. இது இப்ப சூடா இருக்கு."

"எனக்கு ஒரு சார்பு வந்துடும்" என்றார். குரல் யாரிடமோ கெஞ்சுவது போல இருந்தது.

"வரட்டும் சார். முள்ளு பார்த்து."

அவர் எடுத்தார். முனையில் ஒரு சின்னக் கடி கடித்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல், அவர் தொண்டையையே பார்த்தாள். தெருவே பார்த்தது. விழுங்கினார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு மீதி மீன் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. வாலும் முள்ளும்தான் தட்டில் கிடந்தன.

பாதுகாப்பு அலுவலர் மெல்லக் கேட்டார். "சார், அடுப்பை அணைக்கச் சொல்லட்டுமா?"

இயக்குநர் விரலை நக்கிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு" என்றார். காலர் ஒலிவாங்கி அதை எல்லார் காதிலும் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சுமைக்காரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, கரண்டியை எடுத்து, சட்டியில் புது எண்ணெய் ஊற்றினாள்.

"வரிசையில வாங்க சார்" என்றாள்.

வரிசையில் வேறு ஒருவரும் இல்லை. இருந்தாலும் அவர் போய் நின்றார்.